அரிக்கும் நாய்க்கு எந்த உணவு? எட்டு வாரச் சோதனைக்கு முன் ஓர் ஒப்பீடு

"உணவு ஒவ்வாமையாக இருக்கலாம்" என்று கால்நடை மருத்துவர் சொல்லி அனுப்பிய அன்றே பலரும் புதுத் தீவனப் பாக்கெட்டைத் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். கோழிக்குப் பதில் ஆடு, தானியம் உள்ளதற்குப் பதில் தானியம் இல்லாதது என்று சில மாதங்களில் நான்கைந்து பிராண்டுகள் மாறியிருக்கும். நாய் அப்போதும் பாதத்தை நக்கிக்கொண்டிருக்கும். இப்படி மாற்றிக்கொண்டே போவதில் குணமும் கிடைப்பதில்லை, விடையும் கிடைப்பதில்லை. அந்தப் பாக்கெட்டுகள் எல்லாவற்றிலும் பொதுவாக இருந்த பொருள் எது என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

உணவுதான் காரணமா என்று உறுதிசெய்ய இன்றைக்கும் நம்பகமான வழி ஒன்றுதான். பழைய உணவு அத்தனையையும் நிறுத்திவிட்டு, நாயின் உடல் எதிர்க்க வாய்ப்பில்லாத ஓர் உணவை மட்டும் எட்டு வாரம் கொடுத்து, அரிப்பு அடங்கினால் பழையதைத் திரும்பக் கொடுத்துப் பார்ப்பது. விலக்கு உணவுச் சோதனை என்பது இதுதான். அந்த எட்டு வாரம் எதைக் கொடுப்பது என்பதில்தான் தேர்வு இருக்கிறது: புரதத்தை உடைத்துத் தயாரித்த மருத்துவ உணவு, நாய் இதுவரை சாப்பிடாத இறைச்சியில் செய்த மருத்துவ உணவு, வீட்டுச் சமையல். மூன்றுக்கும் சாதகமும் உண்டு, ஓட்டையும் உண்டு. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: காகிதத்தில் எது சிறந்தது என்பதைவிட, உங்கள் வீட்டில் எது கடைசி நாள்வரை பிசகாமல் நடக்கும் என்பதே தீர்மானிக்க வேண்டியது.

சந்தேகம் எங்கே தொடங்க வேண்டும்

உணவு ஒவ்வாமை பேச்சில் அடிபடும் அளவுக்கு நாய்களிடம் பரவலானது அல்ல. எந்தக் காரணத்துக்காகவோ மருத்துவமனைக்கு வரும் நாய்களில் 1 முதல் 2 விழுக்காட்டுக்கு மட்டுமே அது இருக்கிறது என்பது ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் 2017-இல் சொன்ன கணக்கு. ஆனால் ஓயாமல் அரிக்கும் நாய்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 9 முதல் 40 விழுக்காடு வரை ஏறுகிறது. அரிக்கிற நாயிடம் அதைச் சந்தேகிப்பது நியாயம்தான் என்பதற்கு இந்த வேறுபாடு போதும்.

இடமும் காலமும்தான் முதல் தடயம். பாதங்கள், காதுகள், அக்குள், தொடையிடுக்கு, ஆசனவாயைச் சுற்றிய பகுதி ஆகியவை அதிகம் அரிக்கும். வெளிர்நிற நாயென்றால் விரலிடுக்கு மயிரைப் பாருங்கள். உமிழ்நீர் பட்டுப் பட்டுத் துருப்பிடித்த இரும்பின் நிறத்துக்கு மாறியிருக்கும். காதைத் திருப்பிப் பார்த்தால் சிவந்த தோலும் பழுப்பு மெழுகும் தெரியும், புளித்த வாடை வரும். மருந்து போட்டால் அடங்கி, நிறுத்தினால் திரும்பும் காதுத் தொற்று இருக்கும் நாயிடம் ஒவ்வாமையைத் தேடாமல் காது மருந்தையே மாற்றிக்கொண்டிருப்பது வீண் வேலை. பருவம் பார்க்காமல் ஆண்டு முழுவதும் அரிப்பு இருந்தால் உணவின் மேல் சந்தேகம் கூடும். ஒரு வயதுக்குள்ளேயோ, ஏழு வயதுக்கு மேலோ முதன்முதலாகத் தொடங்கினாலும் அப்படியே. மகரந்தம், வீட்டுத்தூசிச் சிற்றுண்ணி போன்றவற்றால் வரும் தோல் ஒவ்வாமை பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் இடையில் தலைகாட்டும். வயிற்றையும் கவனிக்க வேண்டும்: நாளுக்கு மூன்று முறைக்கு மேல் மலம் கழிப்பது, இளகிய மலம், அடிக்கடி வாந்தி, ஓயாத வாயு. தோலும் வயிறும் சேர்ந்து கெட்டிருந்தால் உணவுச் சோதனையைத் தள்ளிப்போடக் காரணமே இல்லை.

"இத்தனை வருடம் இதே உணவைத்தானே சாப்பிட்டது, இப்போது எப்படி ஒத்துக்கொள்ளாமல் போகும்?" என்று கேட்காதவர்கள் குறைவு. ஒவ்வாமை என்பதே பழகிய புரதத்தின்மேல் எதிர்ப்புமண்டலம் பகை கொள்வதுதான். புதிதாகக் கொடுத்த பொருளைவிடத் தினமும் கொடுத்த பொருள்தான் குற்றவாளியாக இருக்க வாய்ப்பு அதிகம். உறுதிசெய்யப்பட்ட 297 நாய்களின் பதிவுகளைத் தொகுத்து 2016-இல் வெளியான ஆய்வில் மாட்டிறைச்சி 34 விழுக்காடு, பால்பொருள் 17, கோழி 15, கோதுமை 13, ஆட்டிறைச்சி 5 என்று வந்தது. அரிசிக்கும் மீனுக்கும் தலா 2 விழுக்காடு மட்டுமே. தானியம் இல்லாத உணவு என்று விற்பதன் பின்னால் இருப்பது பெரும்பாலும் வியாபாரம் என்பதற்கு இந்தப் பட்டியலே சாட்சி. தானியத்துக்குப் பதிலாகப் பட்டாணியும் பருப்பும் நிறையச் சேர்த்த அத்தகைய உணவுகளுக்கும் நாய்களின் இதயத்தசை நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018-இல் விசாரிக்கத் தொடங்கியது. காரணம் நிறுவப்படவில்லை. ஆனாலும் அரிப்புக்காக அந்தப் பக்கம் போவதற்குத் தேவை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

சோதனையைத் தொடங்குமுன் தெள்ளுப்பூச்சி, சொறியை உண்டாக்கும் சிற்றுண்ணி, தோலில் ஏறியிருக்கும் பாக்டீரியா, ஈஸ்ட் தொற்று ஆகியவற்றை மருத்துவர் பார்த்து முடித்திருக்க வேண்டும். இவற்றை விட்டுவிட்டு உணவை மாற்றினால் எட்டு வாரமும் பாழ். உணவு சரியாகவே இருந்தும், தொற்றினால் அரிக்கும் நாய் அரித்துக்கொண்டுதான் இருக்கும்.

இரத்தம், எச்சில், மயிர்

எட்டு வாரக் கஷ்டம் எதற்கு, ஒரு துளி இரத்தத்திலோ எச்சிலிலோ பார்த்துவிடலாமே என்று தோன்றுவது இயல்பு. இதைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். உணவு ஒவ்வாமைக்கான இரத்தப் பரிசோதனை, ஆரோக்கியமான நாய்களுக்கும் ஒவ்வாமை இருப்பதாகக் காட்டுகிறது. ஒவ்வாமை உள்ள நாயிடம் உண்மையான காரணத்தைத் தவறவிடுகிறது. மயிரும் எச்சிலும் அனுப்பிப் பார்க்கும் பெட்டிகள் இதைவிட மோசம். அப்படியொரு சேவைக்கு நாய்களின் மாதிரிகளோடு செயற்கை மயிரையும் உப்புநீரையும் சேர்த்து அனுப்பிப் பார்த்தார்கள் ஆய்வாளர்கள். பொம்மை மயிருக்கும் ஒவ்வாமைப் பட்டியல் வந்தது! 2019-இல் வெளியான அந்த ஆய்வின்படி, முடிவுகள் குருட்டாம்போக்கில் சொல்வதிலிருந்து வேறுபடவில்லை. அந்தப் பணத்தை நல்ல உணவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

உடைத்த புரதம்

எதிர்ப்புமண்டலம் ஒரு புரதத்தை அதன் உருவத்தை வைத்தே அடையாளம் காண்கிறது. அந்தப் புரதத்தை நொதிகளால் சிறு துண்டுகளாக்கிவிட்டால் அடையாளம் மறைந்துவிடும். ஹைட்ரோலைஸ்டு உணவின் தத்துவம் இதுதான். நாய் இதற்குமுன் என்னென்ன சாப்பிட்டது என்று யாருக்கும் தெரியாதபோது இதற்கு ஈடு இல்லை. தெருவிலிருந்தோ காப்பகத்திலிருந்தோ எடுத்து வளர்க்கும் நாய்க்கு, சாப்பிடாத இறைச்சி இதுதான் என்று யார் அடித்துச் சொல்ல முடியும்? சத்து அளவுகள் முழுமையாக இருப்பதால் எட்டு வாரம் கடந்தும் கொடுக்கலாம். வளரும் குட்டிக்கு ஏற்றது என்று பாக்கெட்டில் போட்டிருந்தால் குட்டிக்கும் தரலாம். வீட்டில் வேலை என்று எதுவும் இல்லை, அளந்து கொட்டுவதோடு சரி.

ஆனால் எல்லா உடைத்த புரதமும் ஒரே அளவுக்கு உடைத்ததல்ல. கோழிக்கு ஒவ்வாமை உள்ள நாய்க்குக் கோழியிலிருந்தே உடைத்துச் செய்த உணவைக் கொடுத்தால், சில ஆய்வுகளில் பாதி நாய்கள்வரை மறுபடி அரிப்புக் கண்டிருக்கின்றன. எனவே பாக்கெட்டில் ஹைட்ரோலைஸ்டு என்று எழுதியிருப்பதோடு நிறுத்தாமல், எதை உடைத்தார்கள் என்று பார்க்க வேண்டும். கோழியே தின்று வளர்ந்த நாய்க்குச் சோயாவையோ மீனையோ உடைத்தது பொருத்தம். பறவை இறகுப் புரதத்தைக் கடைசித் துண்டுவரை நொறுக்கிச் செய்த வகை ஒன்றும் உண்டு. மற்றவை கைவிட்ட நாய்களுக்கு மருத்துவர்கள் அதைச் சொல்வார்கள். விலை மூன்றிலும் இதற்குத்தான் பெரும்பாலும் அதிகம், பெரிய நாய்க்கு அது உறைக்கும். சுவை குறைவு என்று முகம் திருப்பும் நாய்கள் உண்டு. சில நாய்களுக்கு மலம் சற்று இளகும். பழைய உணவோடு ஐந்தாறு நாள் கலந்து மாற்றினால் இந்த இரண்டும் ஓரளவு தணியும். எட்டு வாரக் கணக்கை முழுதாக மாறிய நாளிலிருந்து தொடங்க வேண்டும்.

சாப்பிடாத இறைச்சி

முயல், மான், கங்காரு, முதலை என்று நாயின் வாயில் இதுவரை படாத ஒன்றைத் தேடிக் கொடுப்பது இரண்டாவது வழி. சுவை பிரச்சினை இல்லை, நாய் விரும்பித் தின்னும். இதன் பலம் முழுவதும் நாயின் உணவு வரலாற்றைப் பொறுத்தது. மாட்டிறைச்சிக்கு ஒத்துக்கொள்ளாத நாய் பாலுக்கும் ஆட்டிறைச்சிக்கும் சேர்ந்தே எதிர்வினை காட்டலாம். கோழிக்கு ஒத்துக்கொள்ளாததற்கு வாத்தும் வான்கோழியும் புதிய இறைச்சி ஆகாது. கோழிக்கும் மீனுக்கும் இடையிலேகூட இப்படியொரு உறவு கண்டறியப்பட்டிருக்கிறது. பூச்சிப் புரத உணவுகளும் வந்துவிட்டன. வீட்டுத்தூசிச் சிற்றுண்ணிக்கு ஒவ்வாமை உள்ள நாய்களின் எதிர்ப்பொருள்கள் பூச்சிப் புரதத்தையும் பற்றிக்கொள்வதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். அதனால் முதல் தேர்வாக அதை எடுக்க நான் தயங்குவேன்.

இந்த வழியில் செல்பவர்கள் பலரும் வழுக்கி விழும் இடம் சாதாரணக் கடை அலமாரி. மருத்துவர் எழுதித் தரும் உணவுக்குப் பதிலாக, 'ஒரே இறைச்சி', 'குறைந்த பொருள்கள்' என்று முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்ட பாக்கெட்டை எடுத்து வருவார்கள். அதைத் திருப்பிப் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்தால் மான் இறைச்சிக்குக் கீழே கோழிக் கொழுப்பு இருக்கும், 'விலங்குப் புரதம்' என்று பெயர் சொல்லாத ஒன்று இருக்கும், சுவைக்காகக் கல்லீரல் சாறு இருக்கும். அச்சில் இல்லாதவையும் உள்ளே இருக்கின்றன. 2013-இல் வெளியான ஓர் ஆய்வில் இப்படிப்பட்ட 12 உணவுகளைச் சோதித்ததில் 10-இல் லேபிளில் சொல்லாத விலங்கின் மிச்சம் கிடைத்தது. ஒரே இயந்திரத்தில் காலையில் கோழித் தீவனமும் மாலையில் மான் தீவனமும் ஓடினால் வேறென்ன கிடைக்கும்? நாளைக்கு ஒவ்வாமை இல்லை என்று உறுதியான பிறகு இந்த உணவுகளைத் தாராளமாகக் கொடுக்கலாம். சோதனைக் காலத்தில் மட்டும் வேண்டாம்.

வீட்டுச் சமையல்

உள்ளே என்ன இருக்கிறது என்று முழு உறுதியோடு சொல்லக்கூடிய ஒரே வழி இதுதான். ஒரு புதிய இறைச்சி, ஒரு மாவுச்சத்து, அவ்வளவுதான். மறைந்து வரும் கோழிக் கொழுப்புக்கு இடமே இல்லை. பாக்கெட் உணவு எதையும் தொடாத நாய்க்கும், பலவகை மருத்துவ உணவுகளிலும் அரிப்பு அடங்காத நாய்க்கும் மருத்துவர்கள் இதைத்தான் கடைசி நீதிமன்றமாக வைத்திருக்கிறார்கள்.

இதன் ஆபத்து சத்துக்குறை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்தவர்கள் புத்தகங்களிலும் இணையத்திலும் கிடைத்த 200 நாய்ச் சமையல் குறிப்புகளைக் கணக்கிட்டு 2013-இல் வெளியிட்டார்கள். 95 விழுக்காட்டில் குறைந்தது ஓர் இன்றியமையாத சத்தாவது போதவில்லை. வளர்ந்த, நலமாக இருக்கும் நாய் சில வாரங்கள் இந்தக் குறையைத் தாங்கிக்கொள்ளும். வளரும் குட்டி தாங்காது. கால்சியமும் பாஸ்பரசும் அளவு தவறினால் எலும்பு கோணும். ஆகவே குட்டிக்கு இந்த வழி வேண்டாம், கால்நடை உணவியல் வல்லுநர் ஒருவர் அளவு எழுதித் தந்தாலன்றி. எட்டு வாரம் கடந்தும் வீட்டுச் சமையலைத் தொடர நினைப்பவருக்கும் அந்த எழுத்து அவசியம். வெங்காயமும் பூண்டும் எந்த நாய்க்கும் ஆகாது என்பதைச் சொல்லாமல் விட மனமில்லை, நமக்குச் சமைக்கும் கை அவற்றைத் தானாகவே தேடும்.

பச்சை இறைச்சியைக் கொடுத்தால் ஒவ்வாமை தீரும் என்று சொல்பவர்கள் எங்கும் இருக்கிறார்கள். மாட்டிறைச்சிக்கு ஒத்துக்கொள்ளாத நாய்க்கு அதைப் பச்சையாகக் கொடுத்தாலும் அது மாட்டிறைச்சிதான். கூடவே கிருமியும் வரும்.

யாருக்கு எது

நாயின் பழைய உணவு தெரியவில்லை, அல்லது ஏற்கெனவே கையில் கிடைத்த இறைச்சி அனைத்தையும் ருசி பார்த்துவிட்டது என்றால் உடைத்த புரதம். குட்டி என்றாலும் அதுவே. பழைய உணவு வரலாறு தெளிவாகத் தெரியும், நாய் உணவில் அடம்பிடிக்கும் இனம், மருத்துவர் வழியாகத் தரமான உணவு கிடைக்கிறது என்றால் புதிய இறைச்சி உணவு. இரண்டிலும் தோற்று, சமைக்க நேரமும் பொறுமையும் உள்ளவர் வீட்டில் இருந்தால் வீட்டுச் சமையல். வீட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட நாய்கள் இருந்தால் எல்லாவற்றுக்கும் ஒரே மருத்துவ உணவைக் கொடுத்துவிடுவது, தனித்தனித் தட்டுக்குக் காவல் நிற்பதைவிட எளிது. பூனையும் இருந்தால் அதன் தட்டை மேசைமேல் ஏற்றுங்கள், அதன் மண்பெட்டியையும் நாய்க்கு எட்டாமல் வையுங்கள். பூனையின் மலத்தை நாய் தின்னும் என்பது நாய் வளர்ப்பவர்களுக்குத் தெரியும்.

எதைத் தேர்ந்தாலும் சோதனை உடைவது பெரும்பாலும் தட்டுக்கு வெளியேதான். மாதாமாதம் கொடுக்கும் தெள்ளுப்பூச்சி மாத்திரை கடித்துத் தின்னும் வகையென்றால் அதில் இறைச்சிச் சுவை சேர்த்திருக்கும். எட்டு வாரத்துக்கு மட்டும் முதுகில் விடும் சொட்டு மருந்துக்கு மாற முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மாத்திரையைச் சீஸ் துண்டில் பொதிந்து கொடுக்கும் பழக்கம் நிற்க வேண்டும், சோதனை உணவையே சிறிது பிசைந்து அதில் வைக்கலாம். கோழிச் சுவை கொண்ட நாய்ப் பற்பசை, ஜெலட்டின் உறைபோட்ட மருந்து, கடிக்கத் தரும் தோல் எலும்பு எல்லாமே கணக்கில் வரும். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் உயர்நாற்காலியின் கீழே நாய் எங்கே படுத்திருக்கிறது என்று பாருங்கள். பாட்டி, தாத்தா, பக்கத்து வீட்டுக்காரர் என்று அன்பு காட்டுபவர்கள் அனைவரிடமும் முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். ஒரு பிஸ்கட்டுதானே என்று கொடுத்தால் அரிப்பு நாள்கணக்கில் திரும்பும், அதைக் கண்டு உணவு சரியில்லை என்று வீட்டார் முடிவுகட்டுவார்கள். அதனால்தான் எல்லாரும் ஒப்புக்கொள்ளும் எளிய வழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன்.

மருந்து இதற்குப் போட்டியா

அரிப்பை நிறுத்த ஸ்டீராய்டு இருக்கிறது, ஓக்லாசிட்டினிப் மாத்திரை இருக்கிறது, லோகிவெட்மாப் ஊசி இருக்கிறது. பிறகு எதற்கு உணவுச் சோதனை என்று கேட்பவர்களுக்கு: இவை அரிப்பை அடக்கும், காரணத்தைச் சொல்லாது. உணவு காரணமென்றால் மருந்து ஆயுள் முழுவதும் ஓடும், காரணமான உணவும் தட்டில் ஓடும். ஆனால் இரண்டையும் எதிரெதிரே நிறுத்த வேண்டியதில்லை. தோலைக் கிழித்துக்கொள்ளும் நாயை எட்டு வாரம் சும்மா விடுவது கொடுமை. முதல் இரண்டு மூன்று வாரம் பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்து நிறுத்திவிட்டு, உணவு மட்டும் தொடரும்போது அரிப்பு திரும்புகிறதா என்று பார்க்கும் முறை இன்று வழக்கத்தில் இருக்கிறது. ஓக்லாசிட்டினிப்பும் நிறுத்தினால் விரைவில் வெளியேறிவிடுவதால் தொடக்க வாரங்களுக்கு ஏற்றது, ஒரு வயதுக்கு மேற்பட்ட நாய்க்கு. லோகிவெட்மாப் ஊசி 4 முதல் 8 வாரம் நிற்கும். சோதனைக்கு நடுவில் அதைப் போட்டால், அரிப்பு குறைந்ததற்கு உணவு காரணமா ஊசி காரணமா என்று சொல்ல முடியாது. நேரத்தைக் கணக்கிட்டே போட வேண்டும்.

எட்டு வாரம் எதற்கு என்றால், ஐந்தாம் வாரத்துக்குள் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்ட நாய்களும், எட்டாம் வாரத்துக்குள் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்டவையும் குணம் காட்டிவிடுகின்றன. மூன்றாம் வாரத்தில் மனம் சோர்ந்து நிறுத்துபவர்கள்தான் அதிகம். ஞாயிறுதோறும் 0 முதல் 10 வரை அரிப்புக்கு ஒரு மதிப்பெண் போட்டு நாட்காட்டியில் எழுதிவையுங்கள். எட்டிலிருந்து ஐந்துக்கு இறங்கியது நினைவில் நிற்காது, எழுத்தில் நிற்கும்.

அரிப்பு அடங்கிய பிறகு

இங்கேதான் பலர் வேலையைப் பாதியில் விடுகிறார்கள். நாய் நன்றாக இருக்கிறது, எதற்கு வம்பு என்று பழைய உணவைத் திரும்பக் கொடுத்துப் பார்க்க மறுக்கிறார்கள். ஆனால் நாய் தேறியதற்குப் பருவம் மாறியது காரணமாக இருக்கலாம், தெள்ளுப்பூச்சி மருந்து காரணமாக இருக்கலாம். பழைய உணவைக் கொடுத்து அரிப்பு திரும்பி, மீண்டும் நிறுத்தியபோது அடங்கினால்தான் அதை ஒவ்வாமை என்று எழுத முடியும். ஒவ்வாமை உள்ள நாய்களில் பாதி 5 நாளுக்குள்ளும், 90 விழுக்காடு 14 நாளுக்குள்ளும் அரிப்பைக் காட்டிவிடும். முகம் வீங்குவது, மூச்சுத் திணறுவது போன்ற உடனடி எதிர்வினை முன்பு எப்போதாவது வந்திருந்தால் மட்டும் இந்தப் பரீட்சையை வீட்டில் செய்யக்கூடாது.

அதன் பிறகு ஒவ்வொரு பொருளாக: சோதனை உணவோடு வேகவைத்த கோழி மட்டும் இரண்டு வாரம், அரிக்கவில்லையென்றால் அது பட்டியலில் சேரும், அரித்தால் நிறுத்தி அடங்கும்வரை காத்திருந்து அடுத்தது. கடைசியில் கையில் இருப்பது விலக்க வேண்டிய ஒன்றிரண்டு பொருள்களின் பெயர். அவை இல்லாத சாதாரண உணவுக்கு மாறிவிடலாம். விலையுயர்ந்த மருத்துவ உணவு ஆயுள் சந்தா ஆக வேண்டியதில்லை.

எட்டு வாரம் பிசகில்லாமல் நடந்தும் மதிப்பெண் எட்டிலேயே நின்றால், உணவு காரணமில்லை என்ற விடை கிடைத்திருக்கிறது. அப்போது தூசியும் மகரந்தமும்தான் மிச்சம், அதற்கான சிகிச்சைக்கு மருத்துவர் நேரடியாகப் போய்விடலாம். எட்டிலிருந்து நான்கு வரை இறங்கி அங்கேயே நிற்கும் நாய்களும் உண்டு. அவற்றுக்குப் பெரும்பாலும் உணவு, தூசி இரண்டுமே ஆகாது. உணவைத் திருத்தியதால் மருந்தின் அளவு குறையும், மருந்தை முழுவதும் விட முடியாது. அந்த நாய்க்கு எந்த மருந்து, எவ்வளவு என்பது அந்தக் கட்டத்தில்தான் பேச வேண்டிய பேச்சு.